வான்டன் சூப்: உள்ளே இருப்பதைச் சாப்பிடலாம், சாற்றை அளந்து குடிக்கலாம்

சென்னையில் சைனீஸ் சாப்பாடு சூப்பில்தான் தொடங்கும். ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் அலைந்து, கை நிறையத் துணிப்பைகளோடு வந்து உட்காரும் குடும்பம் மெனு கார்டைப் பிரிப்பதற்குள் சர்வர் கேட்டுவிடுவார்: "சூப் என்ன சார்? ஒன் பை டூ போட்டுரலாமா?" ஸ்வீட் கார்ன், ஹாட் அண்ட் சோர், மன்ச்சோ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வான்டன் சூப்பைக் கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்பவர்களில் பலர் டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னவர்கள், அல்லது வீட்டில் ஒருவருக்கு சர்க்கரையும் இன்னொருவருக்கு பிரஷரும் இருப்பவர்கள். "அது தண்ணியா, லைட்டா இருக்கும்" என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதி சரி. எண்ணெய் குறைவு, கார்ன்ஃப்ளவர் கரைசல் கிடையாது, கொஞ்சம் புரதமும் கிடைக்கிறது. ஆனால் லைட் என்று நினைத்துக் கடைசிச் சொட்டு வரை குடிக்கும் அந்தத் தெளிந்த சாறுதான் இந்த உணவில் கவனிக்க வேண்டிய பகுதி. வான்டனைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அது மிதக்கும் உப்புத் தண்ணீரைத்தான் அளந்து குடிக்க வேண்டும்.

கோப்பைக்குள் இருப்பவை

கிச்சனில் வான்டன் ஷீட் என்று சொல்வது மைதா, முட்டை, தண்ணீர், உப்பு சேர்த்துப் பிசைந்து, பின்னால் பிடித்த விரல் நிழலாகத் தெரியும் அளவுக்குத் தேய்த்த சதுரத் துண்டு. நடுவில் ஒரு டீஸ்பூன் கைமா வைத்து, ஓரத்தில் ஈரம் தடவி முக்கோணமாக மடித்து, இரண்டு முனைகளையும் இழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுவார்கள். கொழுக்கட்டையைப் போல இதிலும் பூரணம்தான் முக்கியம். மேல்மாவு அதைப் பிடித்து வைக்கும் உறை. குவாங்டாங், ஹாங்காங் பக்கம் பூரணம் பன்றிக்கறியும் இறாலும் கலந்தது. சென்னையில் பெரும்பாலும் சிக்கன் கைமா, சில இடங்களில் இறால். சைவத்துக்கு முட்டைக்கோஸ், கேரட், காளான், பனீர்.

முறையான கிச்சனில் கோழி எலும்பு, இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு எல்லாம் பெரிய பாத்திரத்தில் காலையிலேயே ஏறிவிடும். பொங்கிக் கொதிக்க விடாமல் சிறு தீயில் வைத்து வடித்தால் சாறு கலங்காமல் இருக்கும். ஆர்டர் வந்ததும் அதில் உப்பு, வெள்ளை மிளகுத்தூள், சில சொட்டு சோயா சாஸ், தனியாக வெந்த வான்டன், மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். எலும்புக்கும் நேரத்துக்கும் வழியில்லாத கிச்சனில் ஸ்டாக் கியூபும் சூப் பவுடரும் இந்த வேலையைச் செய்யும். ருசி மட்டுமல்ல, உப்பும் அப்போது மாறிவிடும். கடையில் விற்கும் ஸ்டாக் கியூபின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் உப்பு.

இந்தச் சாப்பாடு சென்னைக்குச் சுற்று வழியில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா பக்கம் குடியேறத் தொடங்கிய சீனர்கள் டிரெட்டா பஜாரிலும் பிறகு டாங்ராவிலும் சமைத்த உணவு, காரமும் பூண்டும் ஏறி நாடெங்கும் பரவியது. சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் முதலில் செய்தவர் கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. சென்னையில் சீனர்கள் என்றதும் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது பல் மருத்துவக் குடும்பங்கள். சீன உணவகம் என்றதும் அண்ணா சாலை சங்கிங். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு பாரிமுனைக்கு வந்த அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் பிற்பாடு பெசன்ட் நகர் வரை வந்து சேர்ந்தன. மாலையில் அடையாறிலும் தி.நகரிலும் ஆவி பறக்கும் மோமோ வண்டிகளும் நிற்கின்றன. மாவுக்குள் கறி வைத்து வேகவைக்கும் பண்டம் இந்த ஊருக்குப் பழகிவிட்டது.

ஆனாலும் வான்டன் என்றால் ஸ்டார்ட்டர் தட்டில் வரும் பொரித்த வான்டனையே பலர் நினைக்கிறார்கள். மெல்லிய மாவு எண்ணெயை நன்றாக இழுக்கும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் என்றால் கெடுதல் கூடும். எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. தொட்டுக்கொள்ள வரும் சிவப்பு சாஸிலும் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு தடை செய்தது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்றது. தெளிந்த சூப்பில் சாயத்துக்கு வேலை இல்லை. கோப்பையின் அடி தெரிகிறது என்பதே வான்டன் சூப்புக்கு ஒரு பெரிய பலம்.

நன்மை எவ்வளவு?

அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணையில் உணவகத்து வான்டன் சூப்புக்குத் தனியாகவே கணக்கு இருக்கிறது. ஒரு கப்பில் ஏறத்தாழ 70 கலோரி, 4 முதல் 5 கிராம் புரதம், ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பு, 900 மில்லிகிராம் அளவுக்கு சோடியம். சென்னைக் கடைகளில் அளவு முன்னே பின்னே இருக்கும் என்றாலும் படம் இதுதான்: கலோரி குறைவு, கொழுப்பு குறைவு, புரதம் சுமார், உப்பு அதிகம்.

சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தால் மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுவோம் என்பதற்கு ஆதாரம் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்கு முன் கலோரி குறைந்த சூப் குடித்தவர்கள் அந்த வேளையில் எடுத்துக்கொண்ட மொத்தக் கலோரி சுமார் 20 சதவீதம் குறைந்தது. சூப்பின் கலோரியையும் சேர்த்த கணக்கு இது. ஆனால் அந்த ஆய்வில் சூப்புக்குப் பிறகு டிராகன் சிக்கன் வரவில்லை. சூப், பொரித்த ஸ்டார்ட்டர், ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், கிரேவி என்ற நம் வழக்கமான வரிசையில் சூப் எதையும் குறைப்பதில்லை; எல்லாவற்றோடும் கூடுதலாக ஒன்று சேர்கிறது. ஆறேழு வான்டன் போட்ட சூப்பையே முக்கிய உணவாக்கி, பக்கத்தில் குறைந்த எண்ணெயில் வதக்கிய காய்கறி ஒன்று வைத்துக்கொண்டால்தான் இந்த நன்மை கைக்கு வரும்.

சளி பிடித்தால் கோழி சூப் என்பதற்கும் சிறிய அளவில் ஆய்வு உண்டு. சூடான கோழி சூப் குடித்தால் மூக்கில் சளி வேகமாக நகர்கிறது என்று 1978இல் மயாமி மருத்துவர்கள் அளந்து காட்டினார்கள். 2000இல் நெப்ராஸ்காவின் ஸ்டீபன் ரென்னார்ட், கோழி சூப் அழற்சியோடு தொடர்புள்ள ஒருவகை வெள்ளை அணுக்களின் நகர்வை மட்டுப்படுத்துவதைக் கண்டார். அது ஆய்வகத்தில் நடந்த சோதனை. சூப் குடித்தவர்களுக்குச் சளி சீக்கிரம் விட்டது என்று அது நிரூபிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலில் கிடப்பவருக்கு வாய்க்கு ருசியாகத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் உள்ளே போகிறது என்பதே போதுமான நன்மை. வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. அங்கே ஓஆர்எஸ் கரைசலின் இடத்தை எந்த சூப்பும் பிடிக்க முடியாது.

எலும்புச் சாற்றில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். எலும்பிலிருந்து சாற்றுக்கு இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம். ஒரு டம்ளர் மோரில் அதைவிட அதிகம் இருக்கும்.

உப்புக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்த வரம்பு 2,000 மி.கி. சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அதே 5 கிராமைத்தான் சொல்கிறது. உலகச் சராசரியோ 10.8 கிராம். இந்தக் கணக்கில் ஒரு கப் வான்டன் சூப்பிலேயே ஒரு நாள் வரம்பில் 45 சதவீதம் முடிகிறது. உணவகத்து பவுல் ஒன்றரை முதல் இரண்டு கப் பிடிக்கும் என்றால் 1,350 முதல் 1,800 மி.கி. வரை. காலையில் இட்லி சாம்பார், மதியம் ரசம், அப்பளம், ஊறுகாய் என்று ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும் உடம்பில் இரவு எட்டு மணிக்கு இது போய்ச் சேர்கிறது.

இது யாருக்கோ வரும் பிரச்சினை அல்ல. கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நாட்டில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். குடும்பமாகச் சாப்பிட உட்காரும் எந்த மேசையிலும் இவர்களில் ஒருவராவது இருப்பார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வழி எளிது. வான்டனையும் காய்களையும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, சாற்றில் பாதியைக் கோப்பையிலேயே விட்டுவிடலாம். உப்பில் பெரும்பகுதி அந்தச் சாற்றில்தான் கரைந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவது மனதை உறுத்தினால், ஒன் பை டூ இருக்கவே இருக்கிறது. சிக்கனத்துக்காக வந்த பழக்கம் உப்புக் கணக்கில் மிகச் சிறந்த பழக்கம். வசதி இருப்பவர்களும் கூச்சப்படாமல் அப்படியே சொல்ல வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போதே, "அண்ணா, உப்பு கம்மியா, சோயா சாஸ் போடாம செஞ்சு தரச் சொல்லுங்க" என்று கேட்டுப் பார்க்கலாம். "சொல்லிடுறேன் மேடம்" என்று பதில் வந்தால் உப்பு கடைசியில்தான் விழுகிறது, மாஸ்டர் கையில் மாற்ற இடம் இருக்கிறது என்று பொருள். "சூப் ரெடியாவே இருக்கு மேடம், மாத்த முடியாது" என்றால், உப்பும் பவுடரும் போட்டு மொத்தமாகக் காய்ச்சி வைத்தது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தக் கடையில் சூப்பைத் தவிர்ப்பதே நல்லது. மேசையில் வைத்திருக்கும் பாட்டில்களிலும் ஒரு தேர்வு உண்டு. ஒரு டீஸ்பூன் சோயா சாஸில் சுமார் 300 மி.கி. சோடியம் இருக்கிறது. வினிகரில் ஊறிய பச்சை மிளகாய் அதைவிடக் குறைந்த உப்பில் அதே சுறுசுறுப்பைக் கொடுத்துவிடும்.

அஜினோமோட்டோ பற்றி

உப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, "அஜினோமோட்டோ போடுவீங்களா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயம் தப்பான இடத்தில் நிற்கிறது. 1908இல் கிகுனே இக்கேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த சுவையின் உப்பு வடிவமே அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளூட்டமேட், சுருக்கமாக எம்எஸ்ஜி. அதே குளூட்டமேட் பழுத்த தக்காளியில் இயற்கையாகவே இருக்கிறது; தக்காளி ரசத்தின் ருசியில் அதற்கும் பங்கு உண்டு. 1968இல் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பியது இந்தப் பயம். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய பிற்காலச் சோதனைகளில் அந்தத் தொந்தரவு நிலையாகத் தென்படவில்லை. உணவில்லாமல் 3 கிராமும் அதற்கு மேலும் எடுத்தால் சிலருக்குத் தற்காலிகமாகத் தலைவலி, உடல் சூடு வரலாம் என்பதே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு.

2015 ஜூனில் மேகி நூடுல்ஸ் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது இந்தப் பெயர் மீண்டும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. அங்கே எழுந்த புகார், ஈய அளவும், எம்எஸ்ஜி சேர்க்கவில்லை என்று உறையில் அச்சிட்ட வாசகமும்.

அதற்காக அள்ளிப் போடலாம் என்றில்லை. இதிலும் சோடியம் உண்டு, எடையில் 12 சதவீதம். சாதா உப்பில் 39. உப்பில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் சிட்டிகை அஜினோமோட்டோ போட்டால் மொத்த சோடியம் குறையும். உப்பையும் குறைக்காமல் இதையும் போடும்போதுதான் கேடு. சாப்பிட்டதும் தலைவலி வருகிறது என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் தவிர்த்துவிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடவே கூடாது. அந்த வயதில் உணவகத்து சூப்பே வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

கடையில் வாங்கும் வான்டன் ஷீட் ஒன்று சுமார் 8 கிராம். அதில் நாலரை கிராம் மாவுச்சத்து. ஆறு வான்டன் என்றால் 27, 28 கிராம். நடுத்தர அளவு இட்லி இரண்டரை சாப்பிட்டதற்குச் சமம். இதை மட்டும் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே இருக்கும் கறியின் புரதம் சர்க்கரை ஏறும் வேகத்தைச் சற்றுத் தணிக்கவும் செய்யும். அதே வேளையில் ஃப்ரைடு ரைஸும் வந்தால் கணக்கு கைமீறிவிடும். வான்டன் சூப் சொன்ன அன்று சாதமும் நூடுல்ஸும் வேண்டாம் என்று முடிவு செய்வது நல்லது. ஸ்வீட் கார்ன், மன்ச்சோ போன்ற கெட்டி சூப்போடு ஒப்பிட்டால் கார்ன்ஃப்ளவர் இல்லாத இந்தச் சூப்பே சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்றது. மன்ச்சோவின் மேலே தூவும் பொரித்த நூடுல்ஸும் இதில் கிடையாது.

மயிலாப்பூர் மாமியின் மூன்று கேள்விகள்

சைவர்கள் அதிகம் வாழும் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் வான்டன் சூப்பின் பெரிய சிக்கல் உடம்பைப் பற்றியது அல்ல. மெனுவில் வெஜ் வான்டன் சூப் என்று பச்சைப் புள்ளியோடு அச்சிட்டிருந்தாலும், அசைவமும் சேர்ந்து சமைக்கும் கிச்சனில் மூன்று இடங்களில் அசைவம் நுழைய வழி இருக்கிறது.

முதலாவது ஷீட். மஞ்சள் நிறமாக இருந்தால் முட்டை சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முட்டை இல்லாத ஷீட்டும் கடைகளில் கிடைக்கிறது, ஆனால் ஒரே கிச்சனில் இரண்டு வகையைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது சாறு. காய்கறிச் சாறு தனியாகக் காய்ச்சாத இடத்தில் கோழிச் சாறே எல்லாக் கோப்பைக்கும் அடிப்படை. மூன்றாவது சாஸ். ஆய்ஸ்டர் சாஸ் என்பது கடல் சிப்பிச் சாறு; காளானில் செய்த சைவ வகையும் உண்டு, பாட்டில் மட்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்.

"ஏம்ப்பா, ஷீட்ல முட்டை உண்டா? சூப்புல சிக்கன் தண்ணி ஊத்துவியா? ஆய்ஸ்டர் சாஸ் போடுவியா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "வெஜ்தானே?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆமாம்மா, வெஜ்தான்" என்று பொதுவாகவே பதில் வரும். காய்கறிப் பூரணத்தை நினைத்து சர்வர் சொல்வது அது. சர்வர் தயங்கினால் மாஸ்டரிடம் கேட்டுவரச் சொல்லலாம். இதில் சங்கடப்பட எதுவும் இல்லை. வான்டன் வேகும் தண்ணீரும் இரண்டு வகைக்கும் ஒன்றா என்பது கடைசிக் கேள்வி. இதில் கண்டிப்பாக இருப்பவர்கள் முழுச் சைவ உணவகத்துக்குப் போவதே நிம்மதி.

உறைநிலைப் பாக்கெட் வாங்கினால் வேலை எளிது. பச்சை வட்டம் சைவம். முட்டை சேர்ந்திருந்தாலே பழுப்பு நிறக் குறி இருக்க வேண்டும். பன்றிக்கறியைத் தவிர்ப்பவர்கள் பூரணத்தையும், மதுவைத் தவிர்ப்பவர்கள் பூரணத்தில் சேரும் அரிசி ஒயினையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்கறி வான்டனில் புரதம் மிகக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. பனீரோ டோஃபுவோ இருக்கும் வகையைக் கேட்பது நல்லது.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

கோதுமை, முட்டை, சோயா, எள் எண்ணெய், இறால். ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களில் இத்தனையும் ஒரே கோப்பையில் சேரக்கூடிய உணவு இது. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் 'நன்றாகக் கொதித்ததுதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதற்குக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் கொதியிலும் சிதைவதில்லை. சிக்கன் வான்டன் வெந்த அதே தண்ணீரில் இறால் வான்டனும் வெந்திருந்தாலே ஆபத்து. நாடு முழுக்க 10 கிளைகளும் அதற்கு மேலும் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியையும் ஒவ்வாமைப் பொருட்களையும் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய கடைகளில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் தென்னிந்தியாவில் அரிது. 2016இல் வெளியான ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். அரிதான நோய் என்பதால் சர்வர்களுக்கும் அதைப் பற்றித் தெரிந்திருக்காது. இந்த நோய் உள்ளவர்களுக்கு ஷீட் மட்டுமல்ல, சோயா சாஸும் ஆகாது; வழக்கமான சோயா சாஸில் கோதுமை சேர்கிறது.

யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்குக் கறியும் எலும்பும் நெடுநேரம் கொதித்த சாறு ஒத்துக்கொள்ளாது. யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரின் தண்ணீரில் இறங்கிவிடும். சிறுநீரக நோயாளிகள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சாதா உப்பும் ஆகாது. அதற்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் குறைந்த சோடிய உப்பும் ஆகாது, ஏனென்றால் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைத் தொடக் கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு சூப்தானே என்று அன்போடு கொடுப்பது புரையேறும் அபாயத்தில் முடியலாம். நீர்த்த சாறும் வழுக்கும் துண்டும் ஒரே வாயில் சேர்வது விழுங்குவதற்குக் கடினமான சேர்க்கை. வான்டனைத் தனியாக எடுத்து மசித்துக் கொடுக்கலாமா என்று அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரைக் கேட்டுத்தான் தர வேண்டும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் வகைப்படுத்தியது. வான்டனுக்குள் சிக்கிய சாறு வெளியே இருப்பதைவிட மெதுவாக ஆறும். குழந்தைக்குக் கொடுக்கும் முன் கரண்டியால் வெட்டி ஆவியை வெளியே விட வேண்டும்.

வீட்டில் செய்தால்

நாலு பேருக்கு அரை கிலோ கோழி எலும்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், தட்டிய இஞ்சி, ஒரு கேரட், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. முதல் கொதியில் மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சம், சாறு கொஞ்சம் கலங்கும். வடித்து ஆறியதும் மேலே படியும் கொழுப்பை வழித்துவிடலாம். உப்பு மொத்தமே அரை டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம். ஆளுக்கு 300 மி.கி. சோடியத்தில் சாறு முடிகிறது. ருசி போதவில்லை என்று கை உப்பு டப்பாவுக்குப் போகும் முன் வெள்ளை மிளகும் சில சொட்டு எலுமிச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூரணத்துக்கு 200 கிராம் சிக்கன் கைமா, துருவிய இஞ்சி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், உப்பு தூவிப் பிழிந்த முட்டைக்கோஸ், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், அரை டீஸ்பூன் நல்லெண்ணெய். உப்பு தனியாக வேண்டாம். ஒரே திசையில் பசை வரும்வரை கலக்கினால் வெந்தபின் உதிராது.

இறால் போடுவதென்றால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு நொச்சிக்குப்பம் நடை தூரம். லூப் சாலை மீன் அங்காடியில் காலையிலேயே போய்விட வேண்டும். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், ஓடு அழுத்தினால் நழுவக் கூடாது, கடல் வாசனை இருக்கலாம், அமோனியா நெடி கூடாது. முதுகில் ஓடும் கருப்புக் குடலைக் கீறி எடுத்துவிட்டு, பாதியை அரைத்தும் பாதியைத் துண்டாக்கியும் சேர்த்தால் கடிபடும் பதம் கிடைக்கும். நூறு கிராம் இறாலில் 20 கிராம் அளவுக்குப் புரதம். கொழுப்பு மிகக் குறைவு.

சைவத்துக்குக் காளான் காம்பு, முட்டைக்கோஸின் வெளி இலை, சுட்ட தக்காளி ஒன்று, மிளகு. தெற்கு மாட வீதியில் காய் வாங்கும்போதே இதெல்லாம் பைக்குள் வந்துவிடும். தக்காளியும் காளானும் எலும்பு இல்லாத குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். பூரணத்துக்கு டோஃபு, காளான், கேரட்.

மேல்மாவைப் பாதி மைதா, பாதி கோதுமை மாவில் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்துத் தேய்த்தால் கிழியாது. நார்ச்சத்து கொஞ்சம் கூடும். சர்க்கரை ஏறுவதில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். வான்டனைச் சாற்றில் நேராகப் போடாமல் தனிப் பாத்திரத்தில், கொதிக்கும் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். மேலே மிதந்து வந்தபின் இன்னும் இரண்டு நிமிடம். முதல் வான்டனை வெட்டிப் பார்த்து, சிக்கன் நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால் மற்றவை இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் வீட்டில் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கடையிலிருந்து பார்சல் வாங்குவதானால் வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கு கொண்டுபோவது நல்லது. கொதிக்கும் சாற்றைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டித் தருவது உடம்புக்கும் கேடு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடையும் இருக்கிறது. வான்டனையும் சாற்றையும் தனித்தனியாகக் கட்டச் சொன்னால் மாவு ஊறிக் கரையாது, சாற்றில் எவ்வளவு ஊற்றிக்கொள்வது என்பதும் நம் கையில் இருக்கும்.

மிச்சமான சாறு சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்; மறுபடி குடிக்கும்போது தளதளவென்று கொதிக்க வேண்டும். வேகாத வான்டனைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் இறுகவிட்டு, பிறகு டப்பாவில் போட்டு வைக்கலாம். எடுத்ததும் உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவைத்தால் போதும்.